பேட்டரி கிரிப்: உங்கள் டி.எஸ்.எல்.ஆர். கேமராவுக்குத் தேவையா?

கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் அடுத்து வாங்க ஆசைப்படும் பொருள் பெரும்பாலும் கேமராதான். எடுத்த படத்தைப் பெரிய திரையில் பார்க்கலாம், ஹார்டு டிஸ்க்கில் சேமிக்கலாம், பிடித்ததை மட்டும் பிரிண்ட் போடலாம். 2020-ஆம் ஆண்டுக்குப் பிறகு கேனான், நிக்கான் ஆகிய இரு நிறுவனங்களும் புதிய டி.எஸ்.எல்.ஆர். மாடல் எதையும் அறிமுகப்படுத்தவில்லை. அவற்றின் கவனம் முழுக்க மிரர்லெஸ் கேமராக்களுக்குப் போய்விட்டது. போட்டோகிராபர்கள் பலரும் அந்தப் பக்கம் மாறுவதால், நல்ல நிலையில் உள்ள டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் செகண்ட் ஹேண்டில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அப்படி வாங்கும்போது சிலவற்றின் அடியில் தடிமனான ஒரு பெட்டி மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். அதுதான் பேட்டரி கிரிப். அது என்ன செய்கிறது, யாருக்குத் தேவை, எப்படி மாட்டுவது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

முதலில் என் சொந்த அனுபவம்

எனக்குச் சொந்த ஊர் சின்னமனூர் பக்கம். தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் முல்லை ஆற்றங்கரையில் இருக்கிறது வீரபாண்டி. அங்குள்ள கௌமாரியம்மன் கோவில் சித்திரைத் திருவிழா கம்பம் பள்ளத்தாக்கு முழுவதுக்கும் பொதுவான திருவிழா. எட்டு நாட்களும் இரவு பகல் பாராமல் கூட்டம் வந்துகொண்டே இருக்கும். தீச்சட்டி, ஆயிரங்கண் பானை, உடம்பெல்லாம் சேறு பூசிய சேத்தாண்டி வேடம் என்று கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஓய்வே கிடையாது.

அத்தை ஒரு வேண்டுதலுக்காக மூன்று வருடம் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தார். முதல் வருடம் போட்டோ எடுக்கும் பொறுப்பு எனக்கு. அப்போதுதான் செகண்ட் ஹேண்டில் ஒரு கேனான் 70டி வாங்கியிருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கே போய் ஆர்வமாக எடுக்க ஆரம்பித்தேன். கூட்டத்துக்கு மேலே கேமராவைத் தூக்கிப் பிடித்து, பின்பக்கத் திரையைப் பார்த்தே பாதி படங்களை எடுத்தேன். எடுத்த ஒவ்வொன்றையும் உடனே போட்டுப் பார்த்தேன். நடுவில் வைஃபை மூலம் செல்போனுக்கும் சில படங்களை அனுப்பினேன்.

விடியற்காலை நான்கு மணிக்கு அத்தை சட்டியோடு வந்தபோது பேட்டரி சின்னம் சிமிட்டிக்கொண்டிருந்தது. பையில் ஸ்பேர் பேட்டரி இருந்தது. கேமராவுடன் இலவசமாக வந்த, பெயரில்லாத ஒரு பேட்டரி. அதைப் போட்டேன். முழு சார்ஜ் என்று காட்டியது. நான்கு படம் எடுப்பதற்குள் கேமரா அணைந்துவிட்டது.

"எடுத்துட்டியாப்பா?" என்று அத்தை அப்புறம் கேட்டார். இல்லை என்றேன். "சரி விடு, இன்னும் ரெண்டு வருசம் இருக்குல்ல" என்றார். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. பேட்டரி கிரிப்பைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

பேட்டரி கிரிப் என்றால் என்ன?

கேமராவின் அடிப்பாகத்தில் மாட்டும் ஒரு துணைக் கருவி இது. இரண்டு வேலைகளைச் செய்கிறது.

ஒன்று, கூடுதல் பேட்டரிக்கு இடம் தருகிறது. வீட்டில் கம்ப்யூட்டர் யு.பி.எஸ். வைத்திருப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். சிறிய யு.பி.எஸ். பத்து நிமிடம் தாங்கும் என்றால், அதே அளவு பேட்டரி இன்னொன்றைச் சேர்க்கும்போது அதிக நேரம் தாங்கும். கம்ப்யூட்டரின் வேகம் அதனால் கூடாது. கேமராவிலும் அப்படித்தான்.

இரண்டு, கேமராவை உயரவாக்கில் திருப்பிப் பிடிக்கும்போது கைக்கு வசதியாக இன்னொரு பிடியும், இன்னொரு ஷட்டர் பட்டனும் தருகிறது. பலரும் பேட்டரிக்காக மட்டுமே கிரிப் வாங்குகிறார்கள். பயன்படுத்திப் பார்த்த பிறகு இந்த இரண்டாவது வசதிக்காகத்தான் அதைக் கழற்றாமல் வைத்திருக்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

70டி கேமராவில் போடும் எல்பி-இ6 பேட்டரி 7.2 வோல்ட், 1800 மில்லி ஆம்பியர் அவர் கொண்டது. இரண்டையும் பெருக்கினால் சுமார் 13 வாட் அவர் வரும். இதற்கான கேனான் கிரிப்பின் பெயர் பிஜி-இ14. இதில் இரண்டு எல்பி-இ6 பேட்டரிகள் போடலாம். ஆக மொத்தம் 26 வாட் அவர்.

டார்ச் லைட்டில் செல் போடுவது போல இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 14.4 வோல்ட் ஆகிவிடும். கேமரா அதைத் தாங்காது. எனவே கிரிப்பில் வோல்டேஜ் மாறாது, கொள்ளளவுதான் கூடும். மாடியில் பக்கம் பக்கமாக இரண்டு தண்ணீர்த் தொட்டி வைத்து ஒரே குழாயில் இணைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தொட்டியில் நீர்மட்டம் உயரமோ அதிலிருந்து முதலில் தண்ணீர் வரும். இரண்டும் சமமானதும் இரண்டிலிருந்தும் வரும். கேனான் கிரிப்பும் வோல்டேஜ் அதிகம் உள்ள பேட்டரியை முதலில் பயன்படுத்தி, சமமானதும் இரண்டையும் பயன்படுத்துகிறது. ஒரே ஒரு பேட்டரி போட்டாலும் கிரிப் வேலை செய்யும்.

நிக்கானில் முறை வேறு. டி7100, டி7200 மாடல்களுக்கான எம்பி-டி15 கிரிப்பில் ஒரு பேட்டரிதான் போட முடியும். இன்னொன்று கேமராவுக்குள்ளேயே இருக்கும். எதை முதலில் காலி செய்வது என்று மெனுவில் நாமே தேர்வு செய்யலாம். கிரிப்பில் உள்ளதை முதலில் காலி செய்வதுதான் நல்லது. காரணம், கேமராவுக்குள் இருக்கும் பேட்டரியை மாற்ற வேண்டுமானால் கிரிப்பையே கழற்ற வேண்டும். கிரிப்பில் உள்ளதை ஒரு நொடியில் மாற்றிவிடலாம்.

எத்தனை படம் எடுக்கலாம்?

70டி-யில் ஒரு எல்பி-இ6 பேட்டரிக்கு சுமார் 920 படங்கள் என்பது நிறுவனம் தரும் கணக்கு. கண்ணை வியூஃபைண்டரில் வைத்து எடுத்தால்தான் இந்த 920. பின்பக்கத் திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வியூ முறையில் இது சுமார் 210 ஆகக் குறைந்துவிடும். நான்கில் ஒரு பங்கு கூட இல்லை! சென்சாரும் திரையும் தொடர்ந்து இயங்கிக்கொண்டே இருப்பதுதான் காரணம்.

இந்த எண்களைப் பார்த்ததும்தான் வீரபாண்டியில் நான் செய்த தவறு புரிந்தது. லைவ் வியூ, வைஃபை, எடுத்ததையெல்லாம் போட்டுப் பார்ப்பது என்று பேட்டரியைத் தின்னும் எல்லாவற்றையும் செய்திருக்கிறேன். எனவே கிரிப் வாங்கும் முன் பைசா செலவில்லாமல் இவற்றைச் செய்து பாருங்கள்:

1. வெளிச்சமான வெயிலிலும், சாதாரணப் படங்களுக்கும் வியூஃபைண்டரையே பயன்படுத்துங்கள்.

2. எடுத்ததும் படத்தைக் காட்டும் நேரத்தை மெனுவில் 2 நொடியாக வையுங்கள்.

3. தேவையில்லாதபோது வைஃபையை அணைத்து வையுங்கள்.

4. கேமராவுடன் உள்ள பிளாஷை அளவாகப் பயன்படுத்துங்கள். அதுவும் இதே பேட்டரியிலிருந்துதான் சார்ஜ் எடுக்கிறது.

5. தானாக அணையும் நேரத்தை ஒரு நிமிடமாக வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பேட்டரி போதவில்லை என்றால் கிரிப்பைப் பற்றி யோசிக்கலாம்.

உயரவாக்கில் எடுக்கும் வசதி

எங்கள் பள்ளத்தாக்கில் படம் எடுக்கத் தூண்டும் விஷயங்களை யோசித்துப் பாருங்கள். பந்தலிலிருந்து தொங்கும் பன்னீர் திராட்சைக் கொத்து (2023-இல் புவிசார் குறியீடு பெற்றது), சுருளி அருவி, தீச்சட்டி ஏந்தி நடந்து வரும் பக்தர். மூன்றுமே உயரவாக்கில் எடுக்க வேண்டியவை.

கிரிப் இல்லாமல் கேமராவைத் திருப்பினால் வலது கை மேலே போய், முழங்கை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இருநூறு முந்நூறு படம் எடுத்ததும் தோள் வலிக்கும். திருவிழாக் கூட்டத்தில் போகிற வருகிறவர்கள் எல்லாம் அந்த முழங்கையில் இடிப்பார்கள். ஒவ்வொரு இடியிலும் படம் கலங்கும். கிரிப்பில் உள்ள பட்டனைப் பயன்படுத்தும்போது இரண்டு முழங்கையும் விலாவோடு ஒட்டி இருக்கும். கேமரா ஆடாது. இரவில் ஷட்டர் வேகம் குறைவாக இருக்கும்போது இந்த வித்தியாசம் படத்தில் நன்றாகத் தெரியும்.

மாட்டுவது எப்படி?

70டி போன்ற கேனான் கேமராக்களில் மாட்டும் முறை இது. மற்ற மாடல்களில் சிறு மாற்றங்கள் இருக்கலாம், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. கேமராவை ஆஃப் செய்யுங்கள். மெமரி கார்டில் எழுதும் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டதா என்று பாருங்கள்.

2. பேட்டரியை வெளியே எடுங்கள்.

3. பேட்டரி மூடியின் கீல் பக்கத்தில் ஒரு சிறு நெம்பு இருக்கும். அதைத் தள்ளினால் மூடி தனியாகக் கழன்று வரும். பலத்தைக் காட்ட வேண்டாம், உடைந்துவிடும்.

4. கழற்றிய மூடியைச் சட்டைப் பையில் போடாதீர்கள். கிரிப்பிலேயே அதை வைக்க இடம் உண்டு. அங்கே பொருத்திவிடுங்கள். நாளை கேமராவை விற்கும்போது இந்த மூடி இல்லையென்றால் விலை குறையும்.

5. கிரிப்பின் நீண்ட பகுதியைப் பேட்டரி அறைக்குள் செலுத்தி, சக்கரம் போன்ற திருகை முடுக்குங்கள். இது கேமராவின் டிரைபாட் துளையில் இறுகும். கிரிப்புக்கும் கேமராவுக்கும் நடுவே இடைவெளி தெரியக் கூடாது.

6. பேட்டரிகளைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளி மூடுங்கள்.

7. கிரிப்பில் தனியாக ஒரு ஆன்/ஆஃப் சுவிட்ச் உண்டு. அதை ஆன் செய்தால்தான் கிரிப்பில் உள்ள ஷட்டர் பட்டன் வேலை செய்யும். "கிரிப் ரிப்பேர்" என்று கடைக்கு எடுத்துப் போகும் முன் இதை ஒரு முறை பார்த்துவிடுங்கள்! கிடைவாக்கில் எடுக்கும்போது அதை ஆஃப் செய்து வைத்தால் உள்ளங்கை பட்டுத் தவறுதலாகப் படம் விழாது.

நல்ல பேட்டரியா என்று பார்ப்பது எப்படி?

கிரிப் மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே இருக்கும் பேட்டரி மோசமென்றால் கிரிப்பாலும் பயனில்லை. 70டி-யின் மெனுவில் பேட்டரி இன்ஃபோ என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் ஒவ்வொரு பேட்டரியிலும் எத்தனை சதவீதம் மீதம் இருக்கிறது என்பதோடு, அதன் ஆரோக்கியமும் மூன்று கட்டங்களில் தெரியும். மூன்றும் பச்சையாக இருந்தால் பேட்டரி நன்றாக உள்ளது. இரண்டு பச்சை என்றால் கொஞ்சம் தேய்ந்துவிட்டது. ஒரே ஒரு சிவப்புக் கட்டம் என்றால் புதிது வாங்கும் நேரம் வந்துவிட்டது. செகண்ட் ஹேண்டில் கேமரா வாங்கும்போது கடைக்காரர் முன்னாலேயே இதைப் பார்த்துவிடுங்கள்.

பெயரில்லாத பேட்டரிகளில் பல, இந்தத் தகவலைச் சரியாகத் தருவதில்லை. முழு சார்ஜ் என்று காட்டிவிட்டுத் திடீரென்று அணையும் பேட்டரி எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது. மிகப் பழைய பேட்டரியையும் புதியதையும் ஜோடியாகப் போடுவதைத் தவிருங்கள். ஒரே வயதுடைய இரண்டை வாங்கி, அடியில் 1, 2 என்று ஸ்டிக்கர் ஒட்டி, எப்போதும் சேர்த்தே பயன்படுத்துங்கள்.

சார்ஜ் செய்யவும் நேரம் ஒதுக்க வேண்டும். எல்பி-இ6 ஒன்றுக்குச் சுமார் இரண்டரை மணி நேரம் பிடிக்கும். இரண்டுக்கு ஐந்து மணி நேரம். காலையில் மேகமலைக்குக் கிளம்ப வேண்டுமென்றால் இரவு பத்து மணிக்கு நினைவு வந்து பயனில்லை.

பென்சில் செல் போடலாமா?

பிஜி-இ14, எம்பி-டி15 போன்ற கிரிப்புகளுடன் ஆறு பென்சில் செல் போடும் தட்டு ஒன்றும் வரும். சார்ஜ் செய்ய வழியில்லாத இடத்தில், பெட்டிக் கடையில் வாங்கிய செல்லைப் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் கேமரா ஒரே நொடியில் அதிக மின்சாரத்தை இழுக்கும். சாதாரண அல்கலைன் செல்லால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது, சீக்கிரமே சோர்ந்துவிடும். ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் நல்லது. ஒன்று 1.2 வோல்ட், ஆறும் சேர்ந்து 7.2 வோல்ட். 2000 மில்லி ஆம்பியர் அவர் செல் என்றால் சுமார் 14 வாட் அவர். ஏறக்குறைய ஒரு எல்பி-இ6 அளவுக்கு வந்துவிடுகிறது. நிக்கானில் எந்த வகை செல் போட்டிருக்கிறீர்கள் என்று மெனுவில் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் மீதி எவ்வளவு என்பதைத் தவறாகக் காட்டும்.

யாருக்கு வேண்டாம்?

வீட்டுப் பிறந்தநாள், வைகை அணைக்கு ஒரு நாள் பிக்னிக் என்று 200, 300 படம் எடுப்பவர்களுக்குக் கிரிப் தேவையில்லை. ஒரு நல்ல ஸ்பேர் பேட்டரி போதும். விலையும் குறைவு, பையில் இடமும் அடைக்காது. மலை ஏறுபவர்களும் யோசிக்க வேண்டும். கிரிப்பும் இரண்டாவது பேட்டரியும் சேர்ந்து கால் கிலோவுக்கு மேல் கழுத்தில் கூடுதலாகத் தொங்கும். சுருளி, கும்பக்கரை போன்ற அருவிகளில் சாரல் படும் தூரத்தில் நிற்காதீர்கள். கிரிப் மாட்டினால் தண்ணீர் நுழைய இன்னொரு இடுக்கும் கூடுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

சில சந்தேகங்கள்

கிரிப் மாட்டினால் படத்தின் தரம் கூடுமா?
கூடாது. சென்சாரும் லென்ஸும் அதேதான். கை ஆடாமல் இருப்பதால் படம் தெளிவாக வரலாம், அவ்வளவுதான்.

தொடர்ந்து எடுக்கும் வேகம் கூடுமா?
பெரும்பாலான மாடல்களில் கூடாது. 70டி கிரிப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நொடிக்கு 7 படம்தான். நிக்கான் டி300 போன்ற சில மாடல்கள் விதிவிலக்கு. அதில் எம்பி-டி10 கிரிப்பும் அதற்கேற்ற பெரிய பேட்டரியும் போட்டால் வேகம் 6-லிருந்து 8 ஆகும்.

என்னுடைய கேனான் 1500டி-க்குக் கிரிப் கிடைக்குமா?
அந்த மாடலுக்குக் கேனான் கிரிப் தயாரிக்கவில்லை. நிக்கானின் டி3000, டி5000 வரிசைக்கும் நிக்கான் தயாரிப்பு இல்லை. மற்ற நிறுவனங்களின் கிரிப்புகள் கிடைக்கின்றன. இவற்றில் பலவற்றில் ஷட்டர் பட்டன் வேலை செய்ய, பக்கவாட்டில் உள்ள ரிமோட் துளையில் ஒரு சிறு ஒயரைச் செருக வேண்டும். வாங்கும் முன் உங்கள் கேமராவிலேயே மாட்டி எல்லா பட்டனையும் சோதித்துப் பாருங்கள்.

ஸ்பேர் பேட்டரியை எப்படி வைப்பது?
சாவி, சில்லறைக் காசுகளோடு ஒரே பையில் போடாதீர்கள். இரண்டு முனைகளும் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. பிளாஸ்டிக் மூடியோடு வையுங்கள். விமானத்தில் போகும்போது கைப்பையில் மட்டுமே எடுத்துச் செல்ல வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கேமராவை விட்டுச் செல்லாதீர்கள்.

கம்ப்யூட்டரில் இடம் இருக்கிறதா?

பேட்டரி நீடிக்கும்போது படங்களும் பெருகும். 70டி-யில் பெரிய அளவு ஜேபெக் படம் ஒன்று சுமார் 6.6 எம்.பி. ரா பைல் என்றால் சுமார் 24 எம்.பி. இரண்டு பேட்டரியில் 1,800 படம் எடுத்தால் ஜேபெக் 12 ஜி.பி., ரா 43 ஜி.பி. வரும். ரா முறையில் எடுப்பவர்கள் 16 ஜி.பி. கார்டை வைத்துக்கொண்டு கிரிப் வாங்கினால், பேட்டரி தீரும் முன் கார்டு நிரம்பிவிடும். படங்களை கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது கேமராவைக் கேபிளில் இணைக்காமல் கார்டு ரீடரைப் பயன்படுத்துங்கள். கேபிளில் இணைத்தால் மாற்றி முடிக்கும் வரை கேமரா பேட்டரியும் செலவாகும். கேமராவின் ஃபர்ம்வேரை அப்டேட் செய்யும்போது பென்சில் செல்லை நம்பாமல், முழு சார்ஜ் உள்ள நல்ல பேட்டரியைப் போடுங்கள். நடுவில் அணைந்தால் கேமராவே முடங்கிவிடலாம்.

இரண்டாவது வருடம்

மறு வருடம் வீரபாண்டிக்குப் போகும்போது கிரிப்பும், ஒரே நாளில் வாங்கிய இரண்டு எல்பி-இ6 பேட்டரிகளும், 64 ஜி.பி. கார்டும் இருந்தன. லைவ் வியூவைத் தொடவில்லை. அத்தை வந்தபோது மணி மூன்றே முக்கால். சுற்றிலும் நெரிசல். முழங்கையை ஒட்டி வைத்து, உயரவாக்கில் வரிசையாகப் பன்னிரண்டு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தபோது அன்றிரவின் 1,140-ஆவது படத்தில் சட்டியின் நெருப்பு வெளிச்சம் அத்தையின் முகத்தில் சரியாக விழுந்திருந்தது. அதை பிரிண்ட் போட்டு, பிரேம் செய்து கொடுத்தேன். சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

கிரிப் வாங்கியதால் மட்டும் அந்தப் படம் கிடைத்துவிடவில்லை. முதலில் வீண் செலவை நிறுத்தினேன், அடுத்து நல்ல பேட்டரி வாங்கினேன், கடைசியாகத்தான் கிரிப். நீங்களும் இதே வரிசையில் போங்கள். முதல் இரண்டிலேயே உங்கள் தேவை தீர்ந்துவிட்டால் கிரிப்புக்கான பணம் மிச்சம்.